தெய்வத்துக்கு முன்கூட்டியே ஒரு படம்

நான் போடும் படத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. இதற்காக யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை, தொழில் அப்படி. வேண்டுதல் பலித்தவர் நன்றியாக ஒரு படம் போடச் சொல்வார். நான் லாரியைக் கொண்டுபோய்க் கோயிலுக்கு எதிரே நிறுத்தி, திரையைத் தூக்கி, சந்நிதியைப் பார்த்தபடி ஓட்டுவேன். முன்வரிசைச் சிவப்பு முக்காலிகள் தெய்வங்களுக்கு. அதில் மனுஷர் உட்காரக் கூடாது. பின்வரிசை மனுஷருக்கு. அதில் உட்கார மனுஷர் கிடையாது. வேண்டிக்கொண்டவரே வீட்டில் காலை நீட்டித் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்.

தொழில் படுத்துவிட்டதோ என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். தைவானில், யுன்லினிலிருந்து தைனான் வரை வேண்டுதலுக்கா பஞ்சம்? பன்றி நன்றாகக் குட்டி போட்டால் படம், பிள்ளை பரீட்சையில் தேறினால் படம், வழக்கில் பக்கத்து வீட்டுக்காரன் தோற்றால் படம். என் ரசிகர்களில் ஒருவர்கூட இதுவரை நடுவில் எழுந்து போனதில்லை. கொட்டாவி விட்டதில்லை. கைதட்டியதும் இல்லை.

ஆரம்பத்தில் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றைப் பின்னால் கட்டி ஓட்டினேன். அது போட்ட கூச்சலில் கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்றே தெரியாது. பிறகு, ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்து ஓய்ந்து ஓரங்கட்டிய ஒரு பஸ்ஸிலிருந்து இப்போதுள்ள ஏற்பாட்டைக் கழற்றி வாங்கி மாட்டினேன். லாரி இஞ்சினே ஒரு பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயை அழுத்தித் தடித்த குழாய் வழியே பின்னால் தள்ளும். அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும். இஞ்சின் வேகம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவில் ஒரு வால்வு எண்ணெயை ஒரே அளவாக விடுவதால் விளக்கு மினுக்காது. திரையைத் தூக்குவதும் அதே எண்ணெய்தான். ஒரே நிபந்தனை, படம் முடியும்வரை இஞ்சின் ஓட வேண்டும், அதன் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நான்.

அதனால் நான் டிரைவர் சீட்டை விட்டு நகர்வதில்லை. படம் வண்டிக்குள்ளிருந்து திரையின் பின்புறத்தில் விழும். என் இடத்திலிருந்து திரை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். குழாய்க்குள் எண்ணெய் ஓடும் மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன். கணவர் என்று ஒருவர் இருந்தார். இப்போது தைச்சுங்கில் அவருக்கு வேறு வீடு, வேறு அடுப்பு. பிள்ளை குட்டி இல்லை. சாயங்காலமானால் என்னோடு பேசுவது அந்த எண்ணெய் ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கோ சாய்யுன்னை நான் பார்த்தது சியான்வெய் ஊர்க் கோயிலில். கடலோர ஊர். சுற்றிலும் சிப்பிக் குளங்கள், குளத்துக்குக் குளம் தண்ணீரில் காற்றைக் கலக்க அதை அடித்துக்கொண்டிருக்கும் காற்றுச் சக்கரங்கள். கோயில் சின்னது. உள்ளே வெள்ளைத் தாடியோடு தூதிகோங் உட்கார்ந்திருப்பார். ஊர் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தெய்வம், ஊரார் வாயில் 'தாத்தா'. நான் போய் இறங்கியபோது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஷுய்யுவான் அண்ணனும், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணும் வாசலில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். சிப்பி உடைக்கும் கத்தி இன்னும் அவள் இடுப்பில் தொங்கியது.

"எந்த ஊர்லம்மா இப்படி ஒரு வழக்கம்? வேண்டுதல் பலிச்சாத்தான் படம். உன் பையன்தான் இன்னும் வரவே இல்லையே!"

"வரலைன்னுதானே போடுறேன். வந்துட்டா எதுக்குப் போடப் போறேன்?"

"தலைகீழா இருக்கே."

"என்ன தலைகீழ்? நாலு வருஷமா பழமும் பத்தியும் வச்சு, அவன் வந்தா படம் போடுறேன், படம் போடுறேன்னு சொல்லிப் பாத்தாச்சு. தாத்தா அசையலை. இப்ப முதல்லயே போட்டுடறேன். வாங்கித் தின்னவர் சும்மா இருக்க முடியுமா? அவருக்கும் ஒரு கூச்சநாச்சம் இருக்கும்ல?"

ஷுய்யுவான் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா, வண்டிக்காரி. இப்படி எங்கயாவது போட்டிருக்கியா?"

"நான் இஞ்சினை ஓட்டுறவ, அண்ணே. தெய்வத்தோட கணக்கு வழக்கு எனக்குத் தெரியாது" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்ல பெண்பிள்ளை, தெய்வத்துக்கே வலை விரிக்கிறாள் என்று நினைத்தேன்.

கடைசியில் தெய்வத்தையே கேட்பது என்று முடிவானது. இரண்டு அரைநிலா மரக்கட்டைகளைக் கீழே போட்டுக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சரி. இரண்டும் கவிழ்ந்தால் கூடாது. இரண்டும் நிமிர்ந்தால் தெய்வம் சிரிக்கிறது, சரியும் இல்லை, கூடாதும் இல்லை. ஷுய்யுவான் அண்ணன் போட்டார். இரண்டும் நிமிர்ந்து கிடந்தன.

"பாத்தியா, சிரிக்கிறார்."

"கூடாதுன்னு சொல்லலையே?" என்றாள் சாய்யுன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, ஒண்ணு செய்வோம். படம் அறுபடாம கடைசி வரைக்கும் ஓடிச்சுன்னா அவர் ஏத்துக்கிட்டார்னு வச்சுக்குவோம். நடுவுல நின்னுச்சோ, வேணாம்னுட்டார். அப்புறம் நீ இதை வச்சு என்னைப் பிடுங்கக் கூடாது."

"நிக்காது" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நிக்காதுல்ல?"

"என் வண்டி நின்னதே இல்லை, அக்கா" என்றேன் நான், வாய் இருக்கிறதே என்று.

படத்துக்கு முன்னால் யாருடைய நன்றி என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். அவள் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள். மகன் பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம். தாத்தா தேடும்போது எந்தப் பையன் என்று குழம்பிவிடக் கூடாதாம். நான் மைக்கைப் பிடித்து, "சியான்வெய் ஊர் பக்தர் வூ யென்தே, தூதிகோங்குக்கு நன்றியோடு வழங்கும் படம்" என்று சொன்னேன். குளங்களின் மேல் அந்தப் பெயர் போய், எங்கேயும் முட்டாமல் அப்படியே கரைந்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாவது வரிசையில், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, தனி ஆளாக உட்கார்ந்துகொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் படத்துக்கு ஒரு மனுஷி. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைத்து, திரையை இழுத்துச் சரிசெய்து, கல்யாண வீடு மாதிரி பரபரத்தேன்.

"இந்தப் படம் அவனுக்கு மனப்பாடம்" என்று அவள் என்னிடம் கத்தினாள். சண்டைப் படம், பாதிக்குமேல் சிரிப்பு. "சின்னப் புள்ளைல இதே இடத்துல, முன்வரிசைல தாத்தாவோட முக்காலில ஏறி உக்காந்துட்டான். இழுத்துப் போட்டு அடிச்சேன். தாத்தாதான் உக்காரச் சொன்னாருன்னான்!"

"அவன் ஏன்க்கா போனான்?"

"சிப்பிக் குளத்துல இறங்க மாட்டேன்னான். இறங்காட்டி வீட்டுப் படி ஏறாதேன்னேன். ஏறலை." அவள் கடலையை உரித்தாள். "எங்கப்பா மாதிரி. சொன்னா அப்படியே பிடிச்சுக்குவான். தெக்குப் பக்கம் எங்கயோ ஃபேக்டரில இருக்கான்னு சொல்றாங்க. நம்பரையும் மாத்திட்டான்."

நான் வண்டிக்குத் திரும்பினேன். பாதிப் படம் தாண்டியிருக்கும், எண்ணெயின் சத்தம் மாறியது. அந்த ரீங்காரத்தை நான் அறிவேன். அதில் ஒரு சின்ன இழுப்பு, பச்சைக் குழந்தை சிணுங்குவதற்கு முன்னால் மூச்சை இழுக்குமே, அப்படி. இறங்கி விளக்கடித்துப் பார்த்தேன். பம்பிலிருந்து கிளம்பும் குழாயின் கழுத்தில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து எண்ணெய் புகைமாதிரி பீய்ச்சிக்கொண்டிருந்தது. அழுத்தத்தில் ஓடும் குழாயில் கையை வைத்தால் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு தகரத்துண்டை மறைப்பாகச் செருகினேன். தகரத்தில் பட்டு வழிந்ததை வாளியில் பிடித்தேன். முக்கால்வாசி மண்ணுக்குத்தான் போயிற்று.

இஞ்சினை நிறுத்தினால் பத்து நிமிஷ வேலை, வேறு குழாய் கைவசம் இருந்தது. நிறுத்தினால் படமும் நிற்கும். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் எண்ணெய் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பம்பு காற்றைக் குடித்துவிட்டால் ஜெனரேட்டர் தானாகப் படுத்துவிடும். மாற்று எண்ணெய் டப்பாவை எடுத்தேன். லேசாக இருந்தது. காலி டப்பாவைப் பத்திரமாக மூடி போட்டு வைத்திருந்தேன், அதுதான் நான் செய்திருந்த முன்னேற்பாடு!

சாய்யுன் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது. பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நிக்கப் போவுதா?"

"எண்ணெய் வேணும். எந்த எண்ணெயா இருந்தாலும் பரவாயில்லை, சுத்தமா இருந்தாப் போதும். உன் வீட்டுல இருக்கா?"

"அரைப் பாட்டில் இருக்கும். எத்தனை வேணும்?"

"பெரிய கேன்ல மூணு நாலு."

இருவரும் ஒரே நேரத்தில் கோயிலுக்குள் பார்த்தோம். தாத்தாவின் மேஜைக்கு அடியில் விளக்கு எண்ணெய்க் கேன்கள் வரிசையாக இருந்தன. பக்தர்கள் கொண்டுவந்து வைத்தவை, நல்ல சோயா எண்ணெய். ஷுய்யுவான் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுகொண்டார்.

"தெய்வத்து எண்ணெய்ம்மா அது! லாரிக்கு ஊத்தவா?"

"இரட்டிப்பாத் திருப்பி வைக்கிறேன், அண்ணே" என்றேன்.

"அவரைக் கேக்காமத் தொட முடியாது."

"கேளுங்க, கேளுங்க, சீக்கிரம் கேளுங்க. பம்பு அழுவுது!"

அவர் நிதானமாகப் பத்தி கொளுத்தினார், குனிந்தார், ஊர் பெயரும் தேதியும் சொன்னார். கட்டைகள் விழுந்தன. இரண்டும் நிமிர்ந்து.

"சிரிக்கிறார்."

"என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு இவருக்கு?" என்று கத்திவிட்டேன். கோயிலுக்குள் நின்று அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு. வெளியே திரையில் யாரோ யாரையோ உதைக்கும் சத்தம். அதற்கு அடியில் பம்பின் இழுப்பு இப்போது கோயிலுக்குள்ளேயே கேட்டது.

சாய்யுன் அவர் கையிலிருந்து கட்டைகளைப் பிடுங்கினாள். மண்டியிடவில்லை. மேஜை விளிம்பில் ஒரு கையை ஊன்றி, முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"தாத்தா, அன்னைக்கு நீங்க உக்காரச் சொன்னீங்கன்னு அவன் சொன்னான். நான் நம்பலை, அடிச்சேன். இப்ப நம்புறேன். சிரிச்சது போதும்."

ஒன்று நிமிர்ந்தது. இன்னொன்று மேஜைக்காலில் பட்டு உருண்டு, ஆடி, கவிழ்ந்து நின்றது.

அதற்குப் பிறகு யார் எந்தக் கேனைத் தூக்கினோம் என்று நினைவில்லை. ஷுய்யுவான் அண்ணனும்தான் தூக்கினார், அதுவும் இரண்டு கையில் இரண்டு. நான் தொட்டியில் ஊற்ற ஊற்ற, பம்பு முதலில் விக்கியது, பிறகு தணிந்தது. வெடிப்பிலிருந்து இப்போது விளக்கு எண்ணெய் பீய்ச்சியது. சூட்டில் பலகாரம் பொரிக்கிற வாசனை கிளம்பி, ஊர் நாய்கள் இரண்டு வந்து வாலாட்டி உட்கார்ந்துகொண்டன. விளக்கு ஒரு முறைகூட மினுக்கவில்லை. படம் ஓடி முடிந்து, எழுத்தெல்லாம் ஏறி முடிந்து, திரை வெள்ளையான பிறகுதான் நான் இஞ்சினை நிறுத்தினேன். காற்றுச் சக்கரங்கள் தண்ணீரை அடிக்கும் சத்தம் திரும்பி வந்தது.

"அவரோட எண்ணெயிலயே ஓடியிருக்கு. இனி அவர் பேச்சு மாற முடியாது" என்றார் ஷுய்யுவான் அண்ணன். அவர் முகத்தைப் பார்த்தால், வலை விரித்தது தாம்தான் என்பதுபோல் இருந்தது. சாய்யுன் மிச்சக் கடலையை என் கையில் கொட்டிவிட்டு, முக்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த சாயங்காலம் வேறு ஊர். அங்கே வேண்டிக்கொண்டவர் பெயரைச் சொல்லி முடித்ததும் என் வாய் மூடவில்லை. "மற்றும் சியான்வெய் ஊர் பக்தர் வூ யென்தே" என்று சேர்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன்? ஊர் ஊராகப் போகிறேன், தெற்கே எங்கேயோ ஒருவன் இருக்கிறான், என்னிடம் ஒலிபெருக்கி இருக்கிறது. தெய்வம் தேடட்டும், நானும் கொஞ்சம் தேடினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. மைக்கைக் கீழே வைப்பதற்குள் ஃபோன் அடித்தது. சாய்யுன்தான். நான் திருப்பி வைக்க வேண்டிய எண்ணெய் எந்த வகை என்று ஷுய்யுவான் அண்ணன் சொல்லச் சொன்னாராம்.

"இன்னைக்கு எந்த ஊரு?" என்றாள்.

சொன்னேன். பெயரைச் சேர்த்துச் சொன்னதையும் சொன்னேன்.

"நாளைக்கும் சொல்லுவியா?"

"சொல்றேன்."

மறுநாள் அவளே கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். படம் தொடங்குகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், இன்னைக்கு எந்த ஊரு. நான் ஃபோனை ஒலிபெருக்கியின் பக்கம் நீட்டுவேன். மகன் பெயரைக் கேட்டபின் அவள் பேச ஆரம்பிப்பாள். சிப்பி விலை, முட்டிவலி, பக்கத்து வீட்டுக்காரி சமைத்துத் தந்த மீன் எப்படி உப்பாக இருந்தது என்பதெல்லாம் வரும். நான் பக்கத்தில் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

"என்ன தின்ன?"

"சோறு, அவிச்ச முட்டை."

"நேத்தும் அதானேடி? நீ மனுஷியா, கோழியா?"

ஒருநாள் ஷின்யிங் பக்கம் அடைமழை. திரையைத் தூக்க முடியவில்லை, படம் இல்லை. அன்றைக்கும் ஃபோன் வந்தது. இஞ்சினை ஓடவிடாமல், மழைக்குள், இருட்டு வண்டியில் உட்கார்ந்து பேசினோம். எனக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்க அந்த ஒரு கேள்விக்காகவே நான் வண்டி ஓட்டினேன் என்றால் மிகையில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. அவள் காத்திருந்தது தன் பிள்ளைக்காக. நான் காத்திருந்தது அவள் ஃபோனுக்காக.

அறுவடைக் காலம் முடிந்து வேண்டுதல் படங்கள் குவியும் நாட்களில், ஒரு சாயங்காலம் ஃபோன் வரவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் வரவில்லை. நானே கூப்பிட்டேன், மணியே போகவில்லை. குளத்தில் வழுக்கி விழுந்துவிட்டாளோ, மாரடைப்போ என்று என்னவெல்லாமோ ஓடியது. படம் முடிந்ததும் ஷுய்யுவான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியாதா? பையன் வந்துட்டான்ம்மா!" என்று அவர் கூவினார். "ஃபேக்டரில கூட வேலை பாக்குறவன் எவனோ கேட்டிருக்கான். ஏண்டா, ஊர் ஊரா உன் பேரைச் சொல்லி சாமிக்குப் படம் போடுறாங்களே, அப்படி உனக்கு என்ன கிடைச்சுதுன்னு. இன்னொருத்தனும் வேற ஊர்ல கேட்டேன்னிருக்கான். மானம் போவுது, நிறுத்துன்னு சொல்லத்தான் வந்தானாம். வந்தவன் இருந்துட்டான். காலைல அம்மாகூட குளத்துல இறங்குறான்."

"தெய்வம் பொல்லாதது" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை, நிஜமான சந்தோஷம்.

"நன்றிப் படம் எப்ப போடுறாங்களாம், அண்ணே?" என்று கேட்டேன்.

"எந்தப் படம்? அதான் முன்கூட்டியே போட்டாச்சே!"

ஃபோனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது சரி. கொடுக்க வேண்டியதை முதலிலேயே கொடுத்தாயிற்று. சியான்வெய்க்கு என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. பெயர் வாசிக்கத் தேவையில்லை, அதனால் எந்த ஊர் என்று கேட்கவும் தேவையில்லை. அவள் மேல் எனக்குக் கோபமே வந்தது. பிள்ளை வந்தால் என்ன, ஒரு ஃபோன் பண்ணக் கை ஒடிந்தா போயிற்று? பிறகு அந்தக் கோபத்தை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது. நாலு வருஷம் கழித்து வந்தவனுக்குச் சோறு போடுவாளா, வண்டிக்காரிக்கு ஃபோன் பண்ணுவாளா? அவளுக்கு என் பெயர்கூடத் தெரியாது. நான் சொன்னதில்லை, அவள் கேட்டதில்லை.

அந்த வாரமெல்லாம் படம் தொடங்கும்போது கை தானாக ஃபோனைத் தேடியது. எண்ணெயின் ரீங்காரம் முன்போலவே இருந்தது. அது எனக்குப் போதவில்லை.

வேலையில்லாத ஒரு நாளில், எட்டுக் கேன் விளக்கு எண்ணெய் வாங்கி ஏற்றிக்கொண்டு சியான்வெய் போனேன். ஷுய்யுவான் அண்ணன் ஒவ்வொரு கேனையும் மூடி திறந்து மோந்து பார்த்து மேஜைக்கடியில் அடுக்கினார். அதோடு நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. வண்டியைக் கோயிலுக்கு எதிரே திருப்பி, பம்பைப் பூட்டி, திரையைத் தூக்கினேன்.

"யாரும்மா போடச் சொன்னது?" என்று அவர் வெளியே வந்தார். "எனக்குத் தெரியாம யாரு வேண்டுதல்?"

"என்னோடது."

"பலிச்சிடுச்சா?"

"இல்லை. முன்கூட்டியே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன கேக்கப் போற?"

"அது எனக்கும் அவருக்கும், அண்ணே."

அவர் உள்ளே போய்க் கட்டையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். "சிரிக்கிறார்" என்றார். "நான் நினைச்சேன்" என்றேன்.

முக்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டேன், பின்வரிசையில் இரண்டே இரண்டு. மைக்கைப் பிடித்தேன். எத்தனை ஆயிரம் பேருடைய பெயரைச் சொல்லியிருப்பேன், என்னுடையதை ஒருமுறையும் சொன்னதில்லை. "பக்தர் லோ பீஷியா" என்றேன். யாரோ அன்னியப் பெண்ணின் பெயர் மாதிரி அது குளங்களின் மேல் போயிற்று. எதற்கு என்று சொல்ல வேண்டும். அதை நான் மைக்கில் சொல்ல மாட்டேன், செத்தாலும் மாட்டேன். "வழங்கும் படம்" என்று மட்டும் சொல்லி முடித்து, பொத்தானை அழுத்திவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சண்டைப் படம்தான், அதே படம். கண்ணாடியில் எண்ணெய் சரியாக நின்றது. பார்த்துக்கொண்டிருக்க வேறு ஒன்றும் இல்லை.

முதல் சண்டைகூட வரவில்லை, ஃபோன் அடித்தது.

"இன்னைக்கு எந்த ஊரு?" என்றாள்.

ஃபோனுக்குள், அவள் குரலுக்குப் பின்னால், ஏதோ எண்ணெயில் பொரிகிற சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், மெலிதாக, அரை நொடி பிந்தி, என் ஒலிபெருக்கி கேட்டது.

"இல்லை, எவளோ லோ பீஷியாவாம், நம்ம தாத்தாவுக்குப் படமாம். எவடா இவன்னு பாத்தா குரல் உன்னோடது. அதுவா உன் பேரு? ஏண்டி, இத்தனை நாள் பேசியிருக்கோம், வாயைத் திறந்து சொல்ல மாட்ட? இவன் வந்ததுல இருந்து எனக்குத் தலைகால் புரியலை. ஃபோனை வேற குளத்துல போட்டுத் தொலைச்சுட்டான். இன்னைக்குத்தான் புதுசு வாங்கித் தந்தான், உன் நம்பரை ஷுய்யுவான் அண்ணன்கிட்ட இப்பதான் வாங்கினேன். ஹலோ? இருக்கியா?"

"இருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"சோறு, அவிச்ச முட்டை."

"தூக்கிப் போடு அதை. அடுப்புல மீன் கிடக்கு, திருப்பிப் போட்டு எடுத்துட்டு வரேன். டேய், அந்த மூடி போட்ட பாத்திரத்தை எடு! ரெண்டாவது வரிசைல மூணு முக்காலி போட்டு வை. அவனை முன்னால உக்கார விட்டுடாத." அவள் ஃபோனை வைக்கப் போய், மறுபடி காதில் வைத்தாள். "இஞ்சினை நிறுத்திடாதடி. நாங்க வர்ற வரைக்கும் நிக்கக் கூடாது."

"நிக்காது, அக்கா" என்றேன்.

பிறகு இறங்கிப் போய் மூன்றாவது முக்காலியைத் தேடினேன்.